வான்கோழியும் இல்லை, கொக்கும் இல்லை

அவரோடு ஒரே அறையில் மூன்று வருடம் இருந்தேன். அந்த மூன்று வருடத்தில் ஒரு நாள்கூட என் செருப்பு நான் விட்ட இடத்தில் இருந்ததில்லை. வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் தேடினால், கட்டிலுக்குக் கீழே இடது ஓரமாக, அவருடைய செருப்புக்குப் பக்கத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

"என் செருப்பு எங்கண்ணா?"

"செருப்பு இருக்கற எடத்துல."

பெங்களூரு ஸ்ரீராம்புரத்தில் ஷீட் போட்ட ஒற்றை அறை அது. தொண்ணூறுகளின் நடுவில் நான் அங்கே வந்து சேர்ந்தேன். அதற்கு முன் பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தேன். ஆள் குறைத்தார்கள், நானும் குறைந்தேன். அதற்கும் முன் லாரியில் கிளீனர், ஓசூரில் கோழிக்கடை. எட்டாவதோடு படிப்பு நின்றுவிட்டது. கையெழுத்து மட்டும் அழகாக வரும். அதனால் கடைகளுக்குப் போர்டு எழுதிப் பிழைத்தேன். போர்டு வேலை இல்லாத நாளில் சுத்தியல் பிடித்தேன்.

அவருக்கு ஐம்பது வயது இருக்கும். கல்யாணம் ஆகவில்லை. பழைய கல்லூரி ஒன்றின் விலங்கியல் மியூசியத்தில் அட்டெண்டர். பஞ்சு அடைத்த பறவைகளைத் தூசி தட்டுவது, அந்துருண்டை போடுவது, சாயங்காலம் பூட்டுவது என்று இருபது வருடத்துக்கு மேல் அதே வேலை. தெருவில் அவரை எல்லாரும் 'மியூசியம்' என்றுதான் கூப்பிடுவார்கள். உண்மைப் பெயரை நான் எழுதப்போவதில்லை. எங்கே எழுதினாலும் அது தப்பான இடம் என்பார்.

அறையில் இருந்த ஒவ்வொரு டப்பாவிலும் நூலில் கட்டிய அட்டைச் சீட்டு தொங்கும். சர்க்கரை, உப்பு, ரவை என்று பெயர் இருக்கும். கீழே தேதி. அதற்கும் கீழே அவருடைய கையெழுத்து, அடிக்கோடு, இரண்டு புள்ளி.

"இருக்கறதே ரெண்டு பேரு. உப்புக்கு எதுக்கண்ணா கையெழுத்து?"

"நாளைக்கு ஒருத்தன் வந்து இது உப்பு இல்லன்னு சொன்னா?"

"நாக்குல வச்சுப் பாத்துக்கட்டும்."

"நாக்கு அவனவனுக்கு. சீட்டு எல்லாருக்கும்."

கதவோரம் ஒரு பழைய ஆப்பிள் பெட்டி இருந்தது. வீட்டைவிட்டு வெளியே போகவேண்டிய சாமான்களுக்கான இடம் அது. திருப்பிக் கொடுக்கவேண்டிய பாத்திரம், தேய்ந்த துடைப்பம், பழைய பேப்பர் எல்லாம் அதில் கிடக்கும். நான் வந்த முதல் மாதம் என் சாப்பாட்டுத் தட்டும் அதில்தான் இருந்தது. கழுவி அலமாரியில் வைப்பேன், மாலையில் பார்த்தால் பெட்டியில் கிடக்கும். எத்தனையோ இடத்தில் இருந்து கிளம்பியவனுக்குக் கதவோரம் புதிதில்லை. இரண்டாவது மாதம் ஒருநாள் தட்டு தானாக அலமாரி ஏறி, அவர் தட்டுக்குப் பக்கத்தில் இருந்தது.

அறைக்குள் இருப்பதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. காலை குழாயடியில் பெண்கள் வந்த வரிசையில் குடத்தை வைத்திருப்பார்கள். இவர் போய், குடிக்கிற தண்ணீர்க் குடங்களை முன்னாலும் துணி துவைக்கிற வாளிகளைப் பின்னாலும் மாற்றி வைப்பார்.

"யோவ் மியூசியம்! என் வாளியத் தொட்ட, கை இருக்காது" என்று எதிர்வீட்டு அக்கா கத்துவாள்.

"குடிக்கற தண்ணி மொதல்ல, தொவைக்கற தண்ணி அப்புறம். இதுல என்னம்மா தப்பு?"

"அஞ்சு மணியில இருந்து நிக்கறேன் நானு!"

"நீங்க சரியாத்தான் நிக்கறீங்க. வாளிதான் தப்பா நிக்குது."

அக்கா என் பக்கம் திரும்புவாள். "ஏம்ப்பா, இந்த ஆளோட எப்படிப்பா குடும்பம் நடத்தற?"

நான் குனிந்து வாளியை அவள் வைத்த இடத்துக்கே நகர்த்தி வைப்பேன்.

நீலசந்திராவில் அவருடைய தூரத்துச் சொந்தத்தில் ஒரு கல்யாணம். என்னையும் கூட்டிக்கொண்டு போனார். எல்லாரையும் நிற்கவைத்து போட்டோ எடுக்கும் நேரத்தில் இவர் கையைத் தூக்கினார். "நிறுத்துங்க. பொண்ணோட தாய்மாமன் மாப்பிள்ளை வீட்டு வரிசையில நிக்கறாரு." உண்மைதான், நின்றார். பெண்ணின் அப்பாவுக்கும் அந்தத் தாய்மாமனுக்கும் எட்டு வருடமாகப் பேச்சு இல்லை. மாப்பிள்ளை வீட்டார் அழைத்ததால் வந்திருந்தார். மண்டபத்தில் எல்லாருக்கும் அது தெரியும், தெரிந்தும் தெரியாத மாதிரி நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. இவர் ஒரு வாக்கியம் சொன்னார். நாற்காலி பறந்தது. பந்தியில் உட்காராமல் இரண்டு பேரும் வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் பன் தின்றோம்.

"சாப்பாடு போச்சேண்ணா" என்றேன். பிரியாணி வாசனை ரோடு வரைக்கும் வந்துகொண்டிருந்தது.

"சாப்பாடு இன்னிக்கு. போட்டோ நூறு வருஷம் இருக்கும்."

இப்படிப்பட்ட மனிதருடைய பொறுப்பில் ஒரு தப்பான பறவை இருபது வருடம் இருந்தது என்றால் எப்படி இருந்திருக்கும்?

மியூசியம் ஹாலில் மூன்று கண்ணாடி அலமாரிகள். ஒன்றில் கழுகு, வல்லூறு. ஒன்றில் நீர்ப்பறவைகள், அவற்றின் நடுவில் ஆளுயரத்துக்கு ஒரு சாரஸ் கொக்கு. மூன்றாவதில் கோழி இனம். காட்டுக்கோழி, கௌதாரி, மயில், கடைசியில் ஒரு பெரிய பறவை. பழுப்பு முதுகு, நீளமான வெள்ளைக் கழுத்து, தலையில் கறுப்புக் குல்லா, மார்பில் கறுப்புப் பட்டை. மரக்கிளை ஒன்றில் ஏற்றி, இரண்டு காலையும் கம்பியால் சுற்றிக் கட்டியிருந்தார்கள். கீழே 'வான்கோழி' என்று சீட்டு.

நான் கோழிக்கடையில் இருந்தவன். வான்கோழிக்குத் தலையும் கழுத்தும் மொட்டை, தாடையில் சதை தொங்கும் என்று எனக்கே தெரியும். பழைய ரெஜிஸ்டரைக் கரையான் தின்றபோது, புதிதாக எழுதிய கிளார்க் 'பெரிசு, கோழி அலமாரியில் இருக்கிறது' என்று பார்த்து வான்கோழி ஆக்கிவிட்டாராம். இவர் கழுத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார். தூசி தட்டும்போது ஒருநாள் விரலை எண்ணியிருக்கிறார். முன்னால் மூன்று. பின்னால் ஒன்றும் இல்லை. காட்டுக்கோழிக்குப் பின்விரல் உண்டு, மயிலுக்கு உண்டு, கௌதாரிக்கும் உண்டு. இதற்கு மட்டும் இல்லை.

"பின்விரல் இல்லாம கிளையப் பிடிக்க முடியாதுப்பா. அதனாலதான் கம்பி போட்டுக் கட்டியிருக்கான். மரத்துல ஏறாத ஜீவன மரத்துல ஏத்தி வச்சிருக்கான்."

எத்தனை துறைத்தலைவர்கள் வந்தார்களோ அத்தனை பேரிடமும் சொன்னார். ஒருவர், "விரல் உதிர்ந்திருக்கும்" என்றார். ஒருவர், "ரெஜிஸ்டர்ல அப்படித்தான இருக்கு?" என்றார். தோட்டக்காரர் மட்டும் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுக் கன்னடத்தில் சொன்னாராம்: "இது எரெபூத. மர ஹத்தல்ல." அவர் வடக்கே கரிசல் பக்கத்துக்காரர். எரெ என்றால் கரிசல் மண். கரிசல் பூதம். மரம் ஏறாது.

"சரி, தெரிஞ்சுபோச்சுல்ல. கம்பிய வெட்டிக் கீழ எறக்கி வச்சுடுங்களேன்" என்றேன்.

"அது எப்படி? ரெஜிஸ்டர்ல வான்கோழி. வான்கோழின்னா கோழி அலமாரிதான், கிளைதான். பேரு மாறாம எடம் மாறக் கூடாது."

என் செருப்பை மட்டும் யாரைக் கேட்டு மாற்றினாரோ!

ஒரு தீபாவளி விடுமுறையில் தோட்டக்காரரின் ஊருக்கு என்னை இழுத்துக்கொண்டு போனார், உயிரோடு ஒன்றைப் பார்க்க. இரண்டு நாள் வெயிலில் நடந்தோம். புல் இருந்த இடத்தில் பாதியை உழுதிருந்தார்கள், மீதியில் தைலமரக் கன்று நட்டிருந்தார்கள். கேட்ட இடத்தில் எல்லாம், முன்பெல்லாம் வரும், தரையில் ஒரே ஒரு முட்டை இடும், இப்போது காணோம் என்றார்கள். என் காலில் கொப்புளம். திரும்பும் பஸ்ஸில், "இல்லாத ஒண்ணுக்கு ரெண்டு நாள் போச்சு" என்றேன்.

"இல்லன்னு யாரு சொன்னது? பாக்கலன்னு சொல்லு. ரெண்டும் வேற வேற டப்பா."

நான் செருப்பைக் கழற்றிவிட்டுக் கொப்புளத்தை ஊதிக்கொண்டேன்.

அடுத்த வருடம் அந்த ஹாலைக் கம்ப்யூட்டர் லேப் ஆக்க முடிவு செய்தார்கள். ஊரே கம்ப்யூட்டர் பைத்தியம் பிடித்து அலைந்த காலம். அலமாரிகளைக் கழற்றும் வேலை கான்ட்ராக்டர் மூலமாக எனக்கே வந்தது. நல்ல பறவைகளை வேறொரு மியூசியத்துக்குக் கொடுப்பது, மற்றவற்றைக் குஜரிக்கு, அதாவது பழைய சாமான் லாரிக்கு ஏற்றுவது என்று ஏற்பாடு. வான்கோழி குஜரிப் பட்டியலில் இருந்தது. பண்ணையில் கிடைக்கும் பறவை எதற்கு மியூசியத்துக்கு?

இரண்டு பட்டியலிலும் பொறுப்பாளர் என்று இவர் கையெழுத்துப் போடவேண்டும். குஜரிப் பட்டியலில் போடமாட்டேன் என்றார். ஆபீஸ் சூப்பிரண்டு தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏன்யா, ஒரு கோழிக்கு இவ்வளவு கலாட்டாவா?"

"கோழி இல்ல சார்."

"சரி மாராயா, கோழி இல்ல. போடு."

"கோழி இல்லன்னு எழுதுங்க, போடறேன்."

அன்று ராத்திரி சாப்பிடும்போது நானே வழி சொன்னேன். "குஜரிக்குன்னு வெளிய வரட்டும். லாரிக்காரன் எனக்குத் தெரிஞ்சவன். நான் வாங்கிட்டு வந்துடறேன். நம்ம ரூம்ல வச்சுக்கலாம்."

அவர் சோற்றில் இருந்து கையை எடுத்துவிட்டார். "வான்கோழின்னு வெளிய வந்தா அது கடைசி வரைக்கும் வான்கோழிதான்ப்பா. எனக்கு வேண்டியது பஞ்சும் தோலுமா? அதோட பேருல அது போகணும்."

பறவைகளை வாங்கிக்கொள்ளும் மியூசியத்தில் இருந்து ஒரு மேடம் வேனோடு வந்தார். பல தலைமுறையாகப் பெங்களூருவில் இருக்கும் தமிழ்க் குடும்பம். கோழி அலமாரிக்கு முன்னால் வந்ததும் நின்றுவிட்டார்.

"ஐயையோ, இத யாரு மரத்துல கட்டி வச்சது? இது கானமயில். நாட்டுல எண்ணி எடுத்துடலாம், அவ்வளவுதான் மிச்சம் இருக்கு. குஜரிக்கா அனுப்பப் பாத்தீங்க?"

அப்போது இவர் முகத்தை நான் பார்த்தேன். இருபது வருடம் ஒரே வரியைச் சொல்லிக்கொண்டிருந்தவனுக்கு எதிரில் இருந்து அதே வரி வந்தால் முகம் எப்படி ஆகும் என்று அன்றுதான் தெரிந்தது. அவர் என்னிடம் கையை நீட்டினார். "கட்டிங் பிளேயர் குடு." வாங்கியவர் என்னிடமே திருப்பிக் கொடுத்தார். நான் கம்பியை வெட்டினேன். இரண்டு பேருமாகத் தூக்கித் தரையில் வைத்தோம். இடது பக்கம் கொஞ்சம் சாய்ந்தாலும் கம்பியில்லாமல் தானாக நின்றது. மேடம் கைதட்டினார். சூப்பிரண்டுகூடச் சிரித்தார்.

அதோடு முடிந்திருக்கவேண்டும். வேறு யாராக இருந்தாலும் முடிந்திருக்கும்.

மேடம் ரெஜிஸ்டரில் வான்கோழியை அடித்துப் பெயரைத் திருத்தி, தன் பட்டியலில் 'கொக்கு வரிசை' என்ற தலைப்புக்குக் கீழே, சாரஸுக்கு அடுத்ததாகச் சேர்த்தார். இவர் பேனாவை வாங்கினார். வாங்கியவர் போடாமல் அடுத்த அலமாரிக்குப் போனார். சாரஸ் கொக்கின் காலை வேட்டி நுனியால் துடைத்தார். குனிந்து பார்த்தார்.

"மேடம், இதுக்குப் பின்விரல் இருக்கு."

மேடமும் குனிந்து பார்த்தார்.

"சின்னது. தரையில படாம மேல ஏறியிருக்கு. ஆனா இருக்கு. அதுக்குச் சுத்தமா இல்ல. அப்ப ரெண்டும் எப்படி ஒரே வரிசை?"

மேடம் பொறுமையாகத்தான் சொன்னார். "விரல மட்டும் வச்சு முடிவு பண்றதில்லைங்க. எலும்பு, எறகு எல்லாம் பாப்பாங்க. இப்போதைக்கு எல்லாப் புத்தகத்துலயும் கொக்கு வரிசைதான்."

"இப்போதைக்குன்னா?"

"அதுல சில பேருக்கு சந்தேகம் இருக்கு."

"அப்ப சந்தேகம்னு எழுதுங்க. போட்டுடறேன்."

"லிஸ்ட்ல அதுக்குக் கட்டம் இல்லையே."

"கட்டம் இல்லன்னா கட்டந்தான் தப்பு."

மேடம் வாட்சைப் பார்த்தார். குஜரி லாரிக்காரன் வெளியே ஹாரன் அடித்தான். சூப்பிரண்டு பொறுமை இழந்தார். "இதோ பாரு. அஞ்சு மணிக்கு ஹாலச் சாவியோட ஒப்படைக்கணும். கையெழுத்து இல்லாத சாமான் எல்லாம் லாரிக்கு. அது கோழியோ, கொக்கோ, உங்க அப்பனோ!"

நான் அவரை ஓரமாக இழுத்துக்கொண்டு போனேன். "இருபது வருஷமா வான்கோழி இல்லன்னு சண்ட போட்ட. ஜெயிச்சுட்ட. இப்ப என்ன கேடு? போட்டுத் தொலையேன்யா!" அவரை நான் நீ என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. "ஒரு தப்ப எடுத்துட்டு இன்னொரு தப்புல கையெழுத்து போடச் சொல்ற. லைப்ரரில கால் படம் போட்ட புத்தகம் ஒண்ணு இருக்கு. பத்து நிமிஷம். எடுத்துட்டு வந்து மேடத்துக்குக் காட்டறேன்." படியேறிப் போய்விட்டார். பின்விரல் இல்லாத பறவை தரையில் சாய்ந்து நின்றபடி இருந்தது.

சூப்பிரண்டு மேடத்தின் பட்டியலை என் கையில் திணித்தார். "நீ அவனோட ரூம்மேட்தான? எப்படியாவது வாங்கிட்டு வா. லாரி கெளம்பப்போகுது."

நான் லைப்ரரிக்குப் போகவில்லை. கழற்றி வைத்த அலமாரிக் கதவுக்குப் பின்னால் போனேன். பட்டியலைக் கதவின்மேல் வைத்துக்கொண்டேன். உப்பு டப்பாவில் பார்த்த கையெழுத்து, ரவை டப்பாவில் பார்த்த கையெழுத்து. எழுத்தைப் பார்த்து எழுதிப் பிழைப்பவனுக்கு அது ஒரு வேலையே இல்லை. பெயர், அடிக்கோடு, இரண்டு புள்ளி. இரண்டு நிமிடம் நின்றுவிட்டுப் போய்க் கொடுத்தேன். கார்பன் தாளை எடுத்துவிட்டு மேல் தாளை மேடத்திடம் கொடுத்தார் சூப்பிரண்டு. நானே கானமயிலைத் தூக்கிப்போய், சாரஸ் இருந்த பெட்டியில் வைக்கோல் போட்டு நிறுத்தி, மூடி ஆணி அடித்தேன். வேன் போய்விட்டது. லாரியும் போய்விட்டது.

புத்தகத்தை விரித்துப் பிடித்தபடியே அவர் இறங்கி வந்தார், பக்கம் தவறிவிடக் கூடாது என்று விரலை நடுவில் வைத்துக்கொண்டு. காலியான கிளையில் வெட்டிய கம்பி தொங்கியது.

"எந்தப் பெட்டியில போச்சு?"

"சாரஸோட."

புத்தகத்தை மூடினார். மேஜைமேல் கார்பன் நகல் இருந்தது. எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அடிக்கோடு நான் இவ்வளவு நீளமா இழுக்க மாட்டேன்" என்றார். அவ்வளவுதான். சூப்பிரண்டிடம் ஒன்றும் சொல்லவில்லை. பஸ்ஸில் என் பக்கத்து சீட் காலியாக இருந்தும் ஸ்ரீராம்புரம் வரை நின்றுகொண்டே வந்தார்.

எனக்கு அன்று கோபம்தான் வந்தது, இப்போது நினைத்தாலும் வருகிறது. நான் போடாவிட்டால் அந்தப் பறவை எந்தச் சாக்கடையில் கிடந்திருக்கும்? நன்றி சொல்ல வேண்டாம், திட்டவாவது திட்டியிருக்கலாம். சில வருடங்களுக்கு முன் வேறொரு ஊரில், வனத்துறைக்காக ஒரு சுவரில் அழியும் பறவைகளைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். எழுதவேண்டியதைச் சீட்டில் கொடுத்த பையனிடம், "கானமயில் கொக்கு வரிசைதானே?" என்று கேட்டேன். "இல்லண்ணா, அதெல்லாம் பழசு. கொக்குல இருந்து பிரிச்சு இதுக்குன்னு தனி வரிசையே போட்டுட்டாங்க" என்றான். இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். சொன்னான். பிரஷ்ஷைத் தண்ணீரில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். மியூசியம் இப்போது எங்கே இருக்கிறார், இருக்கிறாரா என்றுகூட எனக்குத் தெரியாது.

கையெழுத்துப் போட்ட அந்தச் சாயங்காலம் அறைக்குள் நுழைந்ததும் நான் முதலில் பார்த்தது கதவோரப் பெட்டியைத்தான். காலியாக இருந்தது. துணியை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனேன். எப்படியும் திரும்பி வரும்போது அதில் என் தட்டு கிடக்கும், மூட்டையைக் கட்டிவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன். திரும்பி வந்தபோது அவர் பாத்திரம் எல்லாம் கழுவி அடுக்கியிருந்தார், முதுகைக் காட்டிப் படுத்திருந்தார். பெட்டியில் என் தட்டு இல்லை. அலமாரியில் பார்த்தேன், அவர் தட்டு மட்டும் இருந்தது.

தேடினேன். என் தட்டு ஜன்னல் விளிம்பில் தனியாக இருந்தது. அதற்கு அடியில் ஒரு அட்டைச் சீட்டு. அன்றைய தேதி மட்டும் எழுதியிருந்தார். பெயர் எழுதும் இடம் காலி, கையெழுத்தும் இல்லை.

அடுத்த வருடம் நான் அங்கிருந்து கிளம்பும்வரை அது அங்கேயேதான் இருந்தது.